வீட்டில் மேடை விளக்கு கட்ட: மீன்வெல் எல்.டி.டி.-700ஹெச் டிரைவரும், அதைச் சுற்றி வாங்க வேண்டியவையும்

இசைக்குழுவுக்குச் சொந்தமாக எல்.இ.டி. பார் விளக்கு (ஆங்கிலத்தில் PAR, உருளைக் கேனுக்குள் இருக்கும் மேடை விளக்கு) கட்ட இறங்குபவர்கள் முதலில் தேடுவது எல்.இ.டி.யைத்தான். எத்தனை வாட், எத்தனை நிறம், எத்தனை கண் (விளக்கில் எத்தனை எல்.இ.டி.) என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவரைக் கடைசியில், கையில் கிடைத்ததைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஆனால் கட்டிய விளக்கு முப்பதாவது கச்சேரியிலும் எரியுமா, மெதுவான பாட்டுக்கு வெளிச்சம் இறங்கும்போது துள்ளாமல் இறங்குமா, வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாகத் தெரியுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கடைசிப் பொருள்தான். அதனால் டிரைவரிலிருந்தே தொடங்குகிறோம்.

மீன்வெல் எல்.டி.டி.-700ஹெச் என்பது மாறாத மின்னோட்டம் தரும் ஒரு சிறு டிரைவர். 31.8 × 20.3 × 12.2 மில்லிமீட்டர் அளவு, தீப்பெட்டியைவிடச் சிறியது. உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும். கீழே சர்க்யூட் போர்டில் சாலிடர் வைக்கும் கால்கள். 9 முதல் 56 வோல்ட் வரை டி.சி. கொடுத்தால், எதிர்ப்பக்கம் 2 முதல் 52 வோல்ட் வரை எல்.இ.டி.க்கு எவ்வளவு தேவையோ அதைத் தானே அமைத்துக்கொண்டு 700 மில்லி ஆம்பியரைப் பிடித்து வைத்திருக்கும். இதே வரிசையில் 300, 350, 500, 600, 1000 மில்லி ஆம்பியர் வகைகளும் உண்டு. கால்களுக்குப் பதில் வயர் வைத்த வகையும் கிடைக்கிறது. பெயரின் கடைசியில் ஒரு டபிள்யூ இருக்கும். போர்டு செய்யப் பழகாதவர்கள் அதை வாங்குவது நல்லது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு நிற எல்.இ.டி. வைத்து 30 முதல் 60 வாட் வரை பார் விளக்கு கட்டுபவர்களுக்கு இதைவிட நிம்மதியான டிரைவரைப் பரிந்துரைக்க முடியவில்லை. ஒரு நிறத்துக்கு ஒன்று, ஆக விளக்குக்கு நான்கு. சுருள், டயோடு, கெப்பாசிட்டர் எதையும் தனியாகத் தேட வேண்டாம். மங்கவைக்கும் முனை தனியாக இருக்கிறது, அதை 3.3 வோல்ட் கன்ட்ரோலர் (விளக்குக்குக் கட்டளையிடும் சிறு கணினிப் போர்டு), 5 வோல்ட் கன்ட்ரோலர் இரண்டிலிருந்தும் நேரடியாக ஓட்டலாம். ஆனால் இதன் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் மாட்டினால் முதல் நாளே எல்.இ.டி.யைப் பறிகொடுக்க நேரிடும்.

முதல் குணம், இது வோல்ட்டைக் குறைத்துத் தரும் வகை, கூட்டித் தராது. அதனால் பவர் சப்ளையின் வோல்ட், எல்.இ.டி. வரிசைக்குத் தேவையானதைவிட நான்கு வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். பார் விளக்கில் வழக்கமான அமைப்பு, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு எல்.இ.டி. ஒரே நிறத்து ஏழையும் தொடராக இணைத்தால், பச்சை, நீலம், வெள்ளை ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்கு 3.3 வோல்ட் வீதம் சுமார் 23 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2.3 வீதம் சுமார் 16 வோல்ட் போதும். பலரும் வீட்டில் கிடக்கும் 24 வோல்ட் சப்ளையைக் கொடுத்துவிட்டு, சிவப்பு மட்டும் பிரகாசமாக எரிகிறது, மற்றவை மங்கல், ஒருவேளை எல்.இ.டி. போலியோ என்று குழம்புகிறார்கள். எல்.இ.டி.யில் குறை எதுவும் இல்லை. டிரைவருக்கு மூச்சுவிட இடமில்லாததுதான் காரணம். ஏழு கண் விளக்குக்கு 36 வோல்ட் சப்ளைதான் சரி. 24 வோல்ட்தான் கையில் இருக்கிறது என்றால் ஐந்து கண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வெளியே போகும் மைனஸும் உள்ளே வரும் மைனஸும் ஒன்றல்ல. எல்லா மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிடும் பழக்கம் எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. இங்கே அப்படிச் செய்தால் டிரைவரின் கட்டுப்பாடு முழுவதும் அடிபட்டு, எல்.இ.டி.க்குள் கட்டுக்கடங்காத மின்னோட்டம் பாயும். நான்கு நிறத்துக்கும் பிளஸ் நான்கு, மைனஸ் நான்கு, ஆக எட்டு வயர் தனித்தனியாக எல்.இ.டி. தட்டுக்குப் போக வேண்டும். இதனால்தான் வாங்கும்போது எல்.இ.டி. நட்சத்திரப் போர்டில் (எல்.இ.டி. பதித்த நட்சத்திர வடிவ அலுமினியத் துண்டு) எட்டுச் சாலிடர் இடங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். ஐந்து மட்டும் இருந்தால் நான்கு நிறத்துக்கும் பிளஸ் பொதுவானது என்று பொருள். அதை இந்த முறையில் தொடராக இணைக்கவே முடியாது. விற்பனைப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மூன்றாவது, மின்சாரம் ஓடும்போது எல்.இ.டி.யைக் கழற்றி மாட்டக் கூடாது. எல்.இ.டி. இல்லாமல் டிரைவர் தனியாக ஓடினால் அதன் வெளிமுனை 36 வோல்ட் வரை ஏறி நிற்கும்; உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டரும் அந்த அளவுக்கு நிறைந்திருக்கும். அந்த நிலையில் 16 வோல்ட் போதும் என்றிருக்கும் சிவப்பு வரிசையைத் தொட்டால், கெப்பாசிட்டரில் உள்ளது அத்தனையும் ஒரே நொடிப்பொழுதில் அதன் வழியே கொட்டும். பளிச்சென்று ஒரு மின்னல், அதோடு அந்த வரிசையில் ஒன்றோ இரண்டோ போய்விடும். கனெக்டர் தளர்ந்து அதிர்வில் விட்டு விட்டுத் தொடும் விளக்குகள் சாவதும் இதே காரணத்தால்தான். எல்.இ.டி. தட்டுக்குப் போகும் எட்டு வயரையும் நேரடியாகச் சாலிடர் வையுங்கள். கனெக்டர் வேண்டுமென்றால் பூட்டும் கொக்கி உள்ளதாகப் போடுங்கள்.

நான்காவதுதான் மேடையில் மானத்தை வாங்குவது. மங்கவைக்கும் முனையை எதிலும் இணைக்காமல் விட்டால் இந்த டிரைவர் அணையாது, முழு வெளிச்சத்தில் எரியும். அதன் வடிவமைப்பே அப்படி. கன்ட்ரோலர் உயிர்பெறும் அந்தச் சில விநாடிகள் அதன் கால்கள் எதையும் பிடிக்காமல் மிதக்கும். அப்போது எல்லா விளக்கும் முழு வெள்ளையில் அடித்துவிட்டு அணையும். இருட்டு அரங்கில், பாட்டு நடுவே ஒரு விளக்கின் மின்சாரம் போய் வந்தால் இது எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து எளிது. மங்கவைக்கும் முனைக்கும் உள்வரும் மைனஸுக்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அந்த முனையை மீட்டரில் பாருங்கள், அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. நான்கு ரெசிஸ்டர் செலவில் ஒரு நல்ல விளக்கு கிடைக்கிறது.

மங்கல் எப்படி இருக்கிறது?

வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதுதான் பி.டபிள்யூ.எம். டிரைவர் ஏற்கும் பி.டபிள்யூ.எம். அதிர்வெண் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை. இதுதான் இதன் உண்மையான எல்லை. கண்ணுக்கு 490 ஹெர்ட்ஸே போதும். ஆனால் மேடையில் இன்று கண்ணைவிட மொபைல் கேமராக்கள் அதிகம். ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்கைத் தாண்டி வேகமானால் 490 ஹெர்ட்ஸ் விளக்கு படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். 1000க்கு அருகில் ஓட்டினால் வழக்கமான வீடியோ வேகங்களில் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதிவேக ஸ்லோமோஷனில் தப்ப முடியாது. ஒளிபரப்புக்கு விளக்கு கட்டுபவர்களுக்கு இந்த டிரைவர் பற்றாது, பல கிலோஹெர்ட்ஸில் ஓடக்கூடிய வேறு சுற்று வேண்டும். மேடைக் கச்சேரிக்குப் போதும்.

அடிமட்ட மங்கல்தான் கவனிக்க வேண்டிய இடம். கன்ட்ரோலராகப் பலரும் வைக்கும் ஆர்டுவினோ நானோ போர்டில் சாதாரணமாகக் கிடைப்பது 256 படி. அதில் முதல் படி, 976 ஹெர்ட்ஸில், வெறும் 4 மைக்ரோ நொடித் துடிப்பு. அவ்வளவு குறுகிய துடிப்பில் டிரைவர் விழித்தெழுந்து மின்னோட்டத்தை ஏற்றுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் முதல் சில படிகள் இருட்டாகவே இருந்துவிட்டுத் திடீரெனப் பற்றும். நான்கு டிரைவரும் ஒரே படியில் பற்றுவதில்லை. ஆகவே மங்கிக்கொண்டே வரும் மஞ்சள், அணையும் தறுவாயில் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறி அணையும்.

இதோடு இன்னொன்றும் சேரும். கண் வெளிச்சத்தை நேர்கோட்டில் உணர்வதில்லை. மங்கல் சீராகத் தெரிய 2.2 அடுக்குக் காமா திருத்தம் போட வேண்டும். 256 படிக்குள் அந்தத் திருத்தத்தைப் போட்டால் ஃபேடரின் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) முதல் 15 அளவுகள் பூஜ்யமாகிவிடும். 12 பிட், அதாவது 4096 படி, கொடுக்கும் பி.சி.ஏ. 9685 போர்டைச் சேர்த்தால் அது 5 ஆகக் குறையும். இந்தப் போர்டு 24 முதல் 1526 ஹெர்ட்ஸ் வரை ஓடும். அதை 980 அருகே வைத்துக்கொள்ளுங்கள், 1000ஐத் தாண்ட வேண்டாம். மெதுவான பாட்டுகள் அதிகம் வாசிக்கும் குழுவுக்கு இந்தச் சின்னப் போர்டைக் கட்டாயம் என்றே சொல்வோம். இரண்டே நிறம் கொண்ட விளக்கு என்றால் அதுவும் வேண்டாம்: நானோவின் 9, 10 கால்களை ஓட்டும் டைமரின் உச்ச எண்ணை 16383 என்று வைத்தால் 976 ஹெர்ட்ஸில் 14 பிட் மங்கல் இலவசமாகக் கிடைக்கிறது.

பவர் சப்ளை

அதே நிறுவனத்தின் எல்.ஆர்.எஸ்.-100-36 இந்த விளக்குக்கு அளந்து தைத்த சட்டை. 36 வோல்ட், 2.8 ஆம்பியர். ஏழு கண்ணும் நான்கு நிறமும் முழுதாக எரிந்தால் எல்.இ.டி.க்குப் போவது சுமார் 60 வாட். டிரைவர்களின் இழப்பையும் சேர்த்து 64 வாட். சப்ளை மூன்றில் இரண்டு பங்கு சுமையில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். 85 முதல் 264 வோல்ட் ஏ.சி. வரை தானாக ஏற்பதால் ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு இது பெரிய வசதி. இதைவிட ஒரு படி பெரிய எல்.ஆர்.எஸ்.-150ஐ வாங்கினால் பக்கத்தில் 115, 230 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115இல் கிடந்தால் சப்ளை அன்றே முடிந்தது. மேடையில் அவசரத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சுவிட்ச் இல்லாத 100 வாட் வகையே பாதுகாப்பு.

ஃபேன் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனால் சுற்றுச்சூடு 50 டிகிரியைத் தாண்டினால் இதன் தாங்கும் திறன் இறங்கத் தொடங்கும். 129 × 97 × 30 மில்லிமீட்டர் அளவுள்ள இதை 8 அங்குல விட்டமுள்ள பார் 64 கேனுக்குள் குறுக்காகத் திணித்துவிட முடியும். முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள். எல்.இ.டி.யின் சூட்டுக்கு மேலே இதை உட்கார வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று வேகவைக்கும். கேனின் பின்புறம் தனி இரும்புப் பெட்டியில், காற்றுத் துளைகளோடு வையுங்கள்.

இதன் முனைகள் திறந்த திருகு முனைகள். விரல் படும் தூரத்தில் ஏ.சி. இருக்கிறது. மூடிய பெட்டி, வயரை இறுகப் பிடிக்கும் கிளாண்டு, 2 ஆம்பியர் மெதுஃப்யூஸ், குறைந்தது 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று இழை கேபிள் ஆகியவை இல்லாமல் பிளக்கில் செருகக் கூடாது. எர்த் வயர் பெட்டி, கேன், ஹீட் சிங்க் (எல்.இ.டி.யின் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியக் கட்டி) மூன்றையும் தொட வேண்டும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, பல்வளையம் வைத்து, போல்ட்டில் முறுக்குங்கள். பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து கேனின் எந்த மூலைக்கும் மீட்டர் அரை ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. கிட்டார் கம்பியில் ஒரு கையும் விளக்குக் கம்பத்தில் ஒரு கையும் வைத்து நிற்பவரின் உயிர் அந்த அளவில் இருக்கிறது. ஏ.சி. வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

மேடைக்கு எட்டு விளக்கு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் ஒரே சுவிட்சில் போட்டால், சப்ளைகள் எல்லாம் ஒரே கணத்தில் இழுக்கும் தொடக்க மின்னோட்டத்தில் பிரேக்கர் விழலாம். இரண்டிரண்டாகப் போடுங்கள். பழைய டிம்மர் பேக்கில் (சாதாரண பல்புகளை மங்கவைக்கும் பெட்டி) ஒருபோதும் செருகாதீர்கள், ஃபேடரை முழுக்க ஏற்றி வைத்திருந்தாலும் சரி.

எல்.இ.டி.யும் சூடும்

நான்கு நிறம் ஒன்றாக அடங்கிய நட்சத்திரப் போர்டு எல்.இ.டி.களில், நிறத்துக்கு 3 வாட் என்று விற்கப்படுபவை 700 மில்லி ஆம்பியர் தாங்கக்கூடியவை. உண்மையில் அந்த மின்னோட்டத்தில் சிவப்பு 1.6 வாட்டும் மற்றவை 2.3 வாட்டும்தான் எடுக்கும். கண்ணுக்கு மொத்தம் 8.5 வாட். விற்பவர் தாங்கும் மின்னோட்டத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் 700ஐ விட்டுவிட்டு எல்.டி.டி.-350ஹெச் வாங்குங்கள். வெளிச்சம் பாதிக்குச் சற்று மேலே கிடைக்கும், சூடு பாதியாகும், எல்.இ.டி. ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சிறிய அரங்குகளுக்கு அதுவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

வெள்ளையில் குளிர்வெள்ளையைத் தவிர்த்து வார்ம் வெள்ளை வாங்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வரும் வெள்ளையில் மனித முகம் பிணம்போல் தெரியும். பாடுபவர் முகத்துக்கு வெளிச்சம் தருவது அந்த நான்காவது நிறம்தான். பழைய 3200 கெல்வின் பார் 64 பல்பின் இதத்தை ஓரளவாவது திரும்பக் கொண்டுவருவதும் அதுதான்.

60 வாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 வாட், சூடாகப் போகும். அரங்கு 30 டிகிரி, ஹீட் சிங்க் 60ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தால், வாட்டுக்கு 0.75 டிகிரி அல்லது அதற்கும் குறைவான ஹீட் சிங்க் வேண்டும். ஃபேன் இல்லாமல் அது கனமான அலுமினியக் கட்டி. கம்பத்தில் தொங்கும் எடையைக் குறைக்க நினைத்தால், பாதி அளவுச் சிங்கோடு 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. 12 வோல்ட் ஃபேனை 9 வோல்ட்டில் ஓட்டினால் மென்மையான பாட்டிலும் மைக்கில் கேட்காது. அதே 9 வோல்ட் நானோவின் வின் காலுக்கும் பொருந்தும், 36 வோல்ட்டை இறக்கித் தரும் ஒரே மாடியூல் இரண்டுக்கும் போதும். அந்த மாடியூல் வாங்கும்போது எல்.எம். 2596இன் ஹெச்.வி. வகையாக வாங்குங்கள். சாதாரண வகை 40 வோல்ட்டோடு நின்றுவிடும். 36 வோல்ட் சப்ளைக்கு அது மிக நெருக்கம்.

சூடு ஏறினால் எல்லா நிறமும் ஒரே மாதிரி மங்குவதில்லை. சிவப்பு மற்றவற்றைவிட வேகமாக மங்கும். ஆரம்பத்தில் பொன்மஞ்சளாகச் சரிசெய்து வைத்த காட்சி, ஒரு மணி நேரத்தில் பச்சை கலந்த மஞ்சளாகிவிட்டதா? காரணத்தை லைட் மேசையில் (விளக்குகளை இயக்கும் ஃபேடர் பலகை) தேடாதீர்கள், ஹீட் சிங்க் பற்றவில்லை.

சாலிடர் வைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. நட்சத்திரப் போர்டின் அடித்தட்டு அலுமினியம், சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். ஹீட் சிங்கில் திருகிய பிறகு 30 வாட் சாலிடர் கோலால் அதில் ஈயம் உருகவே உருகாது. உருகினாலும் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். எனவே வேலை மேசையில் வைத்தே எட்டு இடங்களிலும் ஈயம் பூசிவிட்டு, அதன்பின் மெல்லிய படலமாகத் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகி, 60 வாட் கோலால் வயரை வையுங்கள். எம்3 திருகின் தலை பக்கத்துச் சாலிடர் இடத்தைத் தொட்டுவிடும். நைலான் வாஷர் போடாமல் விடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நிறத்தின் முனைக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. தொடரில் ஒரு கண் திறந்துபோனால் ஏழிலும் அந்த நிறம் போகும். ஒரு கண் ஷார்ட் ஆனால் அது மட்டும் இருண்டு மற்ற ஆறும் எப்போதும்போல் எரியும், டிரைவர் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். மாறாத மின்னோட்டத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. 3 மீட்டர் தூரத்தில் 15 டிகிரி லென்ஸ் சுமார் 80 சென்டிமீட்டர் வட்டம் போடும், 25 டிகிரி 1.3 மீட்டர், 45 டிகிரி 2.5 மீட்டர். முன்விளக்குக்கு 45, பின்னாலிருந்து அடிக்க 25. வட்டத்தின் ஓரத்தில் நிறங்கள் பிரிந்து தெரிந்தால் முன்னால் ஃப்ராஸ்ட் ஷீட் ஒன்று போதும்.

டி.எம்.எக்ஸ். வாங்கிப் பொருத்துதல்

லைட் மேசை ஒவ்வொரு விளக்குக்கும் கேபிள் வழியே அனுப்பும் கட்டளைதான் டி.எம்.எக்ஸ். அதை வாங்கி நானோவுக்குக் கொடுக்க ஒரு மாடியூல் வேண்டும். சிக்கனமாகக் கட்டப்படும் விளக்குகளில் எங்களுக்குத் திருப்தி தராத பொருள், எங்கும் மலிவாகக் கிடைக்கும் அந்தச் சிறிய மேக்ஸ் 485 மாடியூல். சிப்பில் குற்றமில்லை. 5 வோல்ட்டில் ஓடும், டி.எம்.எக்ஸ். அனுப்பும் விநாடிக்கு 250 கிலோபிட் வேகம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. குறை மாடியூலில் இருக்கிறது: ஏ, பி முனைகளுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். அது கேபிளின் கடைசி முனையில் மட்டும் இருக்க வேண்டியது. எட்டு விளக்கிலும் இருந்தால் எட்டும் இணையாகச் சேர்ந்து 15 ஓம் ஆகிவிடும். லைட் மேசையில் டி.எம்.எக்ஸ். அனுப்பும் சிப் 54 ஓம் வரைதான் சுமக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. வேலை மேசையில் வைத்து ஒரு விளக்கைச் சோதித்தால் அருமையாக இருக்கும், இரண்டோடும் ஓடும், ஐந்தாவதைச் சேர்த்ததும் எல்லாம் துடிக்கத் தொடங்கும். உடனே கேபிளைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு மாடியூலிலும் அந்த ரெசிஸ்டரைச் சாலிடர் கோலால் எடுத்துவிடுங்கள். கடைசி விளக்கின் வெளிமுனையில் மட்டும், 2, 3 பின்களுக்கு இடையே 120 ஓம் வைத்த எக்ஸ்.எல்.ஆர். பிளக் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் பிளக்) ஒன்றைச் செருகுங்கள்.

லைட் மேசையிலிருந்து வெளியே வருவது பெண் முனை, விளக்குக்குள் நுழைவது ஆண் முனை. 1ஆம் பின் ஷீல்டு, 2 டேட்டா மைனஸ், அது பி முனைக்கு; 3 டேட்டா பிளஸ், அது ஏ முனைக்கு. 2, 3 மாறினால் விளக்கு ஒன்று செத்ததுபோல் கிடக்கும், அல்லது பைத்தியம்போல் மின்னும். பொருள் எதுவும் கெடாது, மாற்றிப் போட்டால் சரி. 1ஆம் பின்னைக் கேனின் உடலோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் விளக்குகளின் எர்த்துகளுக்கு இடையே ஒரு வளையம் உருவாகி, ஒலி மேசையில் ஹம் ஏறும். மைக் கேபிள் ஐந்தாறு மீட்டருக்கு ஓடும். நீளம் கூடக் கூட 110 அல்லது 120 ஓம் டி.எம்.எக்ஸ். கேபிள்தான் சரி.

மாடியூலின் ஆர்.இ., டி.இ. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நானோவின் 2ஆம் காலில் கொடுங்கள், டி.எம்.எக்ஸ்.சீரியல் என்ற நூலகம் அதைத்தான் எதிர்பார்க்கும். வரும் சிக்னல் 0ஆம் காலுக்கு. புரோகிராமை ஏற்றும்போது அந்த ஒரு வயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் யூ.எஸ்.பி. சிப்பும் மாடியூலும் ஒரே காலுக்குச் சண்டையிட்டு ஏற்றம் தோற்கும். ஒரு ஜம்பர் வைத்துவிடுங்கள். விளக்கு எந்தச் சேனலிலிருந்து கேட்க வேண்டும் என்ற முகவரிக்கு 9 புள்ளி டிப் சுவிட்ச் (குட்டிச் சுவிட்சுகளின் வரிசை). அதை ஏ6, ஏ7 கால்களில் இணைக்காதீர்கள், நானோவில் அவை இரண்டும் அனலாக் மட்டுமே படிக்கும். விளக்குக்கு நான்கு சேனல் என்பதால் முகவரிகள் 1, 5, 9, 13 என்று போகும். எட்டாவது விளக்கு 29இல் தொடங்கும். கேபிள் அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் புரோகிராமிலேயே எழுதுங்கள். கடைசியாக இருந்த நிறத்தைப் பிடித்து வைத்திருப்பதே நல்லது. சட்டென்று இருட்டாவது மேடையில் நடப்பவர்களுக்கு ஆபத்து.

கிட்டார்காரர்கள் சொல்லும் ஒரு புகார் நியாயமானது: ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த கிட்டாரோடு விளக்கின் அருகே நின்றால், வெளிச்சம் மங்கும்போது ஒரு கீச்சொலி வரும். அது பி.டபிள்யூ.எம். துடிப்பு, எல்.இ.டி. வயர்கள் ஆன்டெனாவாகிவிட்டன. டிரைவர்களை எல்.இ.டி. தட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, ஒவ்வொரு நிறத்தின் பிளஸ் மைனஸை இறுக்கி முறுக்கி, ஒவ்வொரு டிரைவரின் உள்முனையிலும் 100 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பெருமளவு அடங்கும். ஆம்ப்புகளுக்கு வேறு பிளக் வரிசை கொடுங்கள்.

தொங்கவிடுதல்

கிளாம்ப்பின் போல்ட்டில் நைலான் பூட்டு நட் போடுங்கள், சாதாரண நட் பாஸ் கிட்டார் அதிர்விலேயே தளரும். கிளாம்ப்பை நம்பி நிறுத்தக் கூடாது. கேனின் உடலில் தனித் துளையிட்டு, விளக்கின் எடைக்குத் தாங்குதிறன் குறிக்கப்பட்ட எஃகுக் கம்பிக் கயிற்றை அதன் வழியே விட்டுக் கம்பத்தில் சுற்றிப் பூட்ட வேண்டும். கயிறு தொளதொளவென்று இருக்கக் கூடாது. விழும் தூரம் கூடக் கூட இழுக்கும் விசை பல மடங்காகும். ஒரு சாண் தளர்ச்சியே அதிகம். பின்பெட்டியும் மூடியும் தனித்தனியாகக் கழன்று விழக்கூடியவை என்றால் அந்தக் கயிறு அவற்றையும் பிடிக்க வேண்டும்.

எட்டு விளக்குக்கு டிரைவர் 32 வேண்டும், 34 வாங்குங்கள். பிசின் ஊற்றியதைப் பழுதுபார்க்க வழியில்லை, போனால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு கையிருப்பு அதற்காக. நட்சத்திர எல்.இ.டி. 56க்கு 60, ஒரே முறையில் வாங்குங்கள். அடுத்த முறை வரும் சரக்கில் பச்சையின் சாயலே வேறாக இருக்கும், பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

கட்டி முடித்த ஒவ்வொரு விளக்கையும் தரையில் வைத்து நான்கு நிறமும் முழுதாக நான்கு மணி நேரம் எரியவிடுங்கள். ஹீட் சிங்க் 60 டிகிரிக்குள் நிற்கிறதா, சப்ளைப் பெட்டி கை வைக்கும் சூட்டில் இருக்கிறதா, எந்த நிறமாவது சாயல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் எல்.இ.டி. திருகுகளை இன்னொரு முறை முறுக்குங்கள். பேஸ்ட் இளகிப் படிந்ததில் அநேகமாக எல்லாமே கால் சுற்று உள்ளே போகும்.